அநேகமாக

கேள்வி ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும்.
அதை எழுதவே மூன்று நாள் ஆயிற்று.

முதல் நாள் எழுதியது:
எண்ணூர் விரைவுச் சாலையில்
டிரெய்லருக்கு அடியில் நிழலுக்காகப் படுத்த தேசிங்கு
ஏன் செத்தான்?
அடித்தேன். ‘ஏன்’ சட்டத்தின் கேள்வி அல்ல.
மறுநாள் பெயரை எடுத்தேன்.
அதற்கு மறுநாள் நிழலையும்.
மிஞ்சியது இவ்வளவு:
துறைமுக வாயிலுக்கான வரிசையில் லாரி நிற்கையில்
அதன் கிளீனர் உறங்கினால்
அது பணியின்போது ஆகுமா?

லிங்கிச் செட்டித் தெரு, இரண்டாம் மாடி.
கீழே காகித மண்டியில்
ரீம் ரீமாக வெள்ளை இறங்கிக்கொண்டிருக்கிறது.
எனக்கு ஒரு பக்கத்துக்கே மூச்சு வாங்குகிறது.
சீனியர் இதைக் காரில் படிப்பார்,
பாரிமுனையில் ஏறி
தேனாம்பேட்டை ஆணையர் அலுவலகத்தில் இறங்குவதற்குள்.
ஆகவே விடை மேலே. காரணம் கீழே.
அழுவதற்குத் தலைப்பு ஒதுக்கவில்லை.

நாள், நேரம், வண்டி எண்.
‘பரிதாபமாக’ என்று எழுதி அழித்தேன்.
‘துரதிர்ஷ்டவசமாக’ வந்து உட்கார்ந்தது, அதையும்.
நியமனக் கடிதம் இல்லை.
சம்பளப் பதிவேட்டில் அவன் இல்லை.
இருப்பது
ஓனர் போனில் அனுப்பிய முந்நூறு ரூபாய்,
‘லைன் படி’ என்ற குறிப்போடு.
அந்த முந்நூறுக்குள்
ஒரு முதலாளியும் ஒரு தொழிலாளியும்
நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.
படமெடுத்து இணைப்பு இரண்டு என்று பெயர் வைத்தேன்.

பிறகு அந்த வரி.
ஸ்டான்லியின் பிரேதப் பரிசோதனை அறிக்கை, நாலாம் பக்கம்:
இரைப்பையில் ஆல்கஹால் வாடை.
தாண்டிப் போய்விடக் கை துடித்தது.
எதிர்த்தரப்பு எப்படியும் படிக்கும்.
நம் வாயால் முதலில் வந்தால் தகவல்,
அவர்கள் வாயால் வந்தால் நாம் மறைத்தது.
எழுதினேன். ஐந்தாம் பத்தி. தனி வரி.

அமுலு சொன்னது என் நோட்டில் இருக்கிறது:
“தூங்கலம்மா. லைன் நகரும்னு காத்துனு இருந்தாரு.”
குடிச்சிருந்தாரா?
“பதினாலு மணி நேரம் ஒரே எடத்துல நின்னா
நீ இன்னா பண்ணுவ?”
இதற்கு முன்தீர்ப்பு தேடினேன்.
கிடைக்கவில்லை.

சட்டம் சொல்கிறது:
போதையால் நேர்ந்த காயத்துக்கு இழப்பீடு இல்லை.
அதே மூச்சில் சொல்கிறது:
காயம் மரணத்தில் முடிந்தால் அப்படி இல்லை.
மூன்று முறை படித்தேன், விரல் வைத்து.
ஒரு கால் மட்டும் போயிருந்தால்
அந்த வாடை நம்மைத் தோற்கடித்திருக்கும்.
முழுசாகப் போனதால்
வாடைக்கு வாய் இல்லை.
இதை அமுலுவிடம் எந்த முகத்தோடு சொல்வது?
மெமோ அமுலுவுக்கு அல்ல.
‘இந்த விதிவிலக்கு இங்கு பொருந்தாது’ என்று போட்டேன்.
நாலு சொல்.

நமக்கு எதிரான தீர்ப்புகள் இரண்டு.
ஒளிக்கக் கூடாது, பக்கத்தில் உட்காரவைத்துப் பேச வேண்டும்.
ஒருவன் வேலை முடித்துச் சைக்கிளில் வீட்டுக்குப் போனவன்.
இன்னொருவன் சாப்பாட்டு நேரத்தில் கடலில் இறங்கியவன்.
இருவரும் வண்டியை விட்டு விலகினார்கள்.
நம் ஆள் விலகவில்லை.
சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில்
கூப்பிட்ட குரலுக்கு எழும் தூரத்தில் கிடந்தான்.
அவனைக் கொன்றது அதுதான்.
நம் வாதமும் அதுதான்.

இப்போது மேலே போய்
விட்டுவைத்த இடத்தை நிரப்ப வேண்டும்.
சுருக்கமான விடை:
ஆம்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
மண்டியில் ஷட்டர் இறங்கும் சத்தம்.
முன்னால் ‘அநேகமாக’ சேர்த்தேன்.
அது என் பயம் இல்லை,
எனக்குத் தெரிந்ததன் எல்லை.

இரவு ஸ்கூட்டியில் திருவொற்றியூருக்கு.
காசிமேடு தாண்டியதும் வரிசை தொடங்கிவிட்டது,
விளக்கணைத்த டிரெய்லர்கள், உப்புக் காற்று.
ஒன்றின் அடியிலிருந்து
இரண்டு பாதங்கள் வெளியே நீட்டியிருந்தன.
வண்டியை ஓரம் கட்டினேன்.
என்ன பழக்கமோ,
முதலில் வண்டி எண்ணைத்தான் படித்தேன்.
அப்புறம்தான்
குனிந்து, “தம்பி” என்றேன்.